கடைசி ஆளிடம் சாவி

வலது உள்ளங்கையை விரித்து நீட்டியபடி ஒருவர் நிற்கிறார். மைதானத்து வாசலில் ஒவ்வொரு வண்டியாக வந்து நிற்க, இறங்குகிறவர்கள் பூட்டிவிட்டு நேராக அவரிடம் வந்து அந்தக் கையில் சாவியை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஓட்டக் குழு கூடும் நாள். வானம் இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. முகம் பார்க்காமலே, கையில் விழும் எடையை வைத்து யாருடையது என்று சொல்லிவிடுகிறார்.

"இது பேக்கரி. சாவியா இது, கொத்தவரங்காய்க் கட்டு மாதிரி இருக்கு. கடை ஷட்டர், அடுப்பு ரூம், வேன், இது என்னய்யா, பீரோவா? பீரோ சாவிய எதுக்கு ஓட்டத்துக்குக் கொண்டு வர்றே?"

"பொண்டாட்டி இருக்கிற வீட்ல வெச்சுட்டு வரச் சொல்றியா?" என்கிறார் பேக்கரிக்காரர்.

அடுத்து விழுவது வழவழவென்று ஒரு கறுப்புக் கூழாங்கல் போல இருக்கும். புதுக் காரின் சாவி. பொத்தான் மட்டும்தான், வெட்டுப்பற்கள் கிடையாது. "வாங்க தம்பி. ஊரையே முந்துற ஆளுக்குப் பல்லில்லாத சாவி." அந்தத் தம்பிக்குப் புயல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூரியர் அலுவலகம் ஒன்றில் மேலாளர். பொட்டலத்தைவிட அவரே முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது பேக்கரிக்காரரின் கண்டுபிடிப்பு.

எல்லாச் சாவியும் இடுப்பில் கட்டிய பைக்குள் போகும். பழைய குடைத் துணியில் அவர் மனைவி தைத்துக் கொடுத்த பை. முதலில் சாதாரணத் துணியில்தான் இருந்ததாம். வியர்வையில் ஊறி யாருடைய ரிமோட்டோ செத்துப்போன பிறகு குடை பலியானது. ஜிப்பை இழுத்துப் பையைப் பின்பக்கம் தள்ளி இரண்டு தட்டுத் தட்டினால் ஓட்டம் தொடங்கலாம் என்று பொருள். இவரைச் சாவியண்ணன் என்று கூப்பிடுகிறார்கள். இவர்தான் எப்போதும் கடைசியில் வருகிறவர்.

ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான, அகலமான உடம்பு. ஓட்டக்காரர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மூட்டை இறக்க வந்தவர் என்றால் நம்புவார்கள். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தரையாகத் தேய்த்துக்கொண்டு ஓடுவார். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பில் சாவிகள் குலுங்கும். இருட்டில் முன்னால் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் அளவு. கேட்டால் கூட்டம் சேர்ந்திருக்கிறது, கேட்காவிட்டால் சிதறிவிட்டது.

நீண்ட ஓட்டத்தில் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று ஒரு விதி உண்டு. மற்றவர்கள் அதை ஓர் அறிவுரையாக எடுத்துக்கொள்வார்கள். இவர் கட்டளையாக எடுத்துக்கொண்டு வாயை மூடுவதே இல்லை. பின்தங்குகிறவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்வார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்பது எப்போதும் முதல் கேள்வி. பதில் முழு வாக்கியமாக வந்தால் அடுத்த கேள்வி. ஒற்றைச் சொல்லாக வந்தால், "சரி, நடப்போம். நடந்தா யாரும் அபராதம் போட மாட்டாங்க" என்று தானே முதலில் நடக்கத் தொடங்குவார். எதிராளி தோற்றதாக ஆகக் கூடாது என்பதற்காகவா, இவருக்கே மூச்சு முட்டியதாலா என்பதை நான் இரண்டு வருடமாகப் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை.

அண்மைக் காலமாக அவர் பக்கத்தில் ஓடுபவர் மருந்துக்கடைப் பெண். நாள் முழுக்கக் கல்லாவுக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர். வீக்கத்துக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தவர் ஓடிப் பார்த்தார். இப்போது அவர் மனதில் ஒரு பந்தயம் இருக்கிறது. அரை மாரத்தான். வாழ்க்கையில் முதல் முறை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு அதைச் சாவியண்ணனிடம் மட்டும் சொன்னார். அவர் அடுத்த திருப்பத்துக்குள் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்.

"அண்ணே, உங்ககிட்ட ரகசியமா சொன்னேன்!"

"ரகசியமா ஓட முடியாதும்மா. ரோட்டுலதான் ஓடணும். நான் பக்கத்துல வர்றேன், கவலைப்படாதீங்க. நமக்குப் பின்னால ஆம்புலன்ஸ் மட்டும்தான் வரும். அது நம்மள முந்தாது."

ஓடி முடித்ததும் நடக்கும் வேடிக்கை தனி. முதலில் வருகிறவர் புயல். வந்ததும் மணிக்கட்டைப் பார்ப்பார். ஓடிய தூரத்தைக் கைக்கடிகாரம் முழு எண்ணாகக் காட்டாமல் கொஞ்சம் குறைத்துக் காட்டும். உடனே நிறுத்தியிருக்கும் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்குவார். சாவியண்ணன் வந்து சேரும்போதும் சில நாள் இந்தச் சுற்று முடிந்திருக்காது.

"என்ன தம்பி, எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"நூறு மீட்டர் குறையுதுண்ணே."

"வண்டிக்கு அடியில பாருங்க. அங்கதான் உருண்டு போயிருக்கும்."

சாவி இல்லாமல் யாரும் வண்டியைத் திறக்க முடியாது. போன், மாற்றுச் சட்டை, தண்ணீர் எல்லாம் உள்ளே. ஆகவே எவ்வளவு விரைவாக ஓடி முடித்தாலும் மைதானத்து விளிம்புக் கல்லில் உட்கார்ந்து இவருக்காகக் காத்திருக்க வேண்டும். "உங்களுக்காகக் காத்திருந்தே எனக்கு முடி நரைச்சுடும்ணே" என்று புயல் ஒவ்வொரு வாரமும் சொல்வார். காத்திருக்கும் நேரத்தில் பேச்சு வளரும். யாருடைய மாமியார் எப்போது ஊருக்குப் போகிறார், யாருக்குக் குதிகால் வலி, எந்தக் கடைக் காலணி ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கிறது எல்லாம் அந்தக் கல்லில்தான் எனக்குத் தெரியவந்தன. சாவிச் சத்தம் தொலைவில் கேட்கும். "வர்றாருப்பா, கஜானா வருது" என்று பேக்கரிக்காரர் எழுந்து நிற்பார்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பேக்கரிக்காரரைக் கேட்டேன். இவர் சேர்ந்த புதிதில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை, ஓடினார்கள், போனார்கள். இவர் வந்து சேரும்போது மைதானத்தில் இவருடைய ஸ்கூட்டர் மட்டும் நிற்கும். ஒரு நாள் புயலின் கால்சட்டைப் பை கிழிந்திருக்க, "அண்ணே, இதைக் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்று சாவியைக் கொடுத்தார். அன்று புயல் காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் இவரே எல்லாரிடமும் கை நீட்டினார். "குடுங்க, எதுக்கு ஆளாளுக்குத் தூக்கிட்டு ஓடணும்? என்கிட்டதான் பை இருக்கே." உதவி என்றுதான் எல்லாரும் கொடுத்தார்கள்.

உதவிதானா? எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது அவர் வேலை செய்வதைப் பார்த்த பிறகு. அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே மூன்றாம் மாடிப் பெரியவர். வந்த மெக்கானிக்கைப் பார்த்தால் நம் சாவியண்ணன், நீலச் சீருடையில். பெட்டியைக்கூடத் திறக்காமல் முதலில் கதவைத் தட்டினார்.

"ஐயா, உள்ள எத்தனை பேரு? நீங்க மட்டுமா? அப்ப இடம் தாராளம். காலை நீட்டி உக்காருங்க. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

அதே கேள்வி. உள்ளேயிருந்து கோபமாக ஏதோ பதில் வந்தது. முழு வாக்கியமாக வந்தது. இவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மாடியேறினார்.

பெரியவரை வெளியே எடுத்த பிறகுதான் உண்மையான பழுது பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் மின்சார மெயினை அணைத்து, அந்தக் கைப்பிடியில் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானை மாட்டினார். கட்டடச் செயலாளர் அவசரக்காரர். "சாவிய என்கிட்ட குடுங்க, நீங்க சொன்னதும் நான் போட்டு விடறேன்" என்றார். குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"உள்ள இருக்கிறவன்கிட்டதான் சார் சாவி இருக்கணும். வெளிய இருக்கிறவர்கிட்ட குடுத்தா மறந்துடுவாரு. கெட்டவர்னு சொல்லல. அவருக்கு வேற வேலை இருக்கும்."

அடுத்த ஞாயிறு அந்தக் குடைத் துணிப் பையை வேறு கண்ணால் பார்த்தேன். வேறு வழியில்லாததால் ஒருவருக்காக நிற்கிறோம், அது காத்திருப்பதாகுமா? விரும்பி நின்றால்தானே அதற்கு மதிப்பு? ஆனால் விருப்பம் வரட்டும் என்று விட்டிருந்தால் அந்தக் கல்லில் ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டோம் என்பதும் தெரிந்தது. ஏற்றம் ஒன்றில் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே கேட்டுவிட்டேன். "எல்லாரும் நிக்கணும்னுதானே சாவிய வாங்கினீங்க?"

"ஏத்தத்துல இவ்வளவு பெரிய கேள்வி கேக்காதீங்க சார். மூச்சு வாங்கும்" என்றார். வாங்கியது எனக்குத்தான்.

பந்தயத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது மிக நீளமான பயிற்சி ஓட்டம் வந்தது. கிடங்குத் தெருவைத் தாண்டி, பாலம் ஏறி, நீர்த்தேக்கத்தைச் சுற்றி, அதே வழியில் திரும்புவது. புயல் வந்து வண்டிகளைச் சுற்றி முடித்தார். பேக்கரிக்காரர் வந்தார். நான் வந்தேன். கல்லில் வெயில் ஏறியது. பேக்கரிக்காரருக்கு ஒரு கல்யாண ஆர்டர் அடுப்பில் ஏற வேண்டும். புயலின் மகளுக்கு அன்று பள்ளி ஆண்டு விழா. சாவிச் சத்தம் கேட்கவில்லை. கடைசியில் மருந்துக்கடைப் பெண் மட்டும் தனியாக ஓடி வந்தார். அப்படி ஒரு வேகத்தில் அவரை நாங்கள் பார்த்ததில்லை.

"அண்ணனுக்கு முட்டி மடங்கிடுச்சு. பாலத்துல உக்காந்திருக்காரு. காலை ஊனவே முடியல. போய்ச் சொல்லுங்கன்னாரு."

"சாவி?" என்றார் புயல்.

அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டார். "கேக்கலையே!"

போன்கள் கார்களுக்குள். கார்கள் பூட்டியபடி. வேறு வழியில்லை, அவ்வளவு தூரம் ஓடி முடித்த கால்களோடு எல்லாரும் மறுபடி ஓடினோம். பேக்கரிக்காரர் வழி முழுதும் திட்டிக்கொண்டே வந்தார். பேச முடிகிற வேகம்தான். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாவியண்ணன் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பை. முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த வலியிலும் முகம் விரிந்தது.

"அட, எல்லாருமே வந்துட்டீங்களா? ரெண்டு பேர் வந்தா போதும்னு நெனச்சேன்."

புயலுக்கு அழுகை வருவதுபோல இருந்தது. "அண்ணே! சாவியக் குடுத்து அனுப்பியிருந்தா கார்லயே வந்திருப்போமே!"

அவர் மடியிலிருந்த பையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. "அட, ஆமால்ல!"

அது நடிப்பில்லை என்று அடித்துச் சொல்வேன். முப்பது வருடம் குழிக்குள் இறங்கி ஏறியவரின் கை அது. தான் வெளியே வராதவரை சாவியை விட அதற்குத் தெரியாது. பல்லில்லாத சாவியை வாங்கிக்கொண்டு புயல் மறுபடி மைதானத்துக்கு ஓடிப் போய்க் காரை எடுத்துவந்தார். அவர் வாழ்நாளில் ஓடிய மிக நீண்ட தூரம் அதுதான். இறங்கி ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் நான் கவனித்தேன். மகளின் நடனம் அவர் போய்ச் சேரும் முன்பே முடிந்திருந்தது.

முட்டிக்குள் சவ்வு கிழிந்திருந்தது. நடக்கலாம், ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு புயல் ஓர் இரும்புப் பெட்டி கொண்டுவந்தார். எண் பூட்டு போட்டது. மைதானத்து வேலிக் கம்பத்தில் அதைத் திருகி மாட்டினார். சாவிகளை அதில் போட்டுவிட்டு ஓடலாம். யார் முதலில் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நியாயமான பெட்டி. மழைக்குக்கூட மேலே ஒரு தகரம் வைத்திருந்தார்.

பெட்டி வந்த பிறகு கல் காலியாயிற்று. அவரவருக்கு வேலை. வந்தார்கள், எண்ணைத் திருகினார்கள், எடுத்தார்கள், போனார்கள். மருந்துக்கடைப் பெண் வந்து சேரும்போது வேலிக் கம்பத்தில் பெட்டியும் அதற்குள் அவருடைய ஒற்றைச் சாவியும் இருக்கும். இரண்டு வாரம் வந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை.

நான் சாவியண்ணனைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். முட்டியில் பட்டை கட்டி, காலை நாற்காலிமேல் வைத்துக்கொண்டு எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஓடுகிற மின்விசிறி ஒன்றை அவர் பழுதாக்கிவிட்டதாக மனைவி சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையானா இவரோட முடியல சார். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாசல்ல போய் நிக்கிறாரு. பால்காரர் பயந்துபோயிட்டாரு. எங்க வீட்டுச் சாவிய எங்க வெச்சோம்னு ஒரு நாளும் இவருக்குத் தெரிஞ்சதில்ல. ஊர்ச் சாவி மட்டும் பத்திரமா இருந்துச்சு."

அவர் திருகாணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்டார்: "இப்ப கடைசியா யார் சார் வர்றாங்க?"

"மருந்துக்கடைக்காரங்க. ஆனா போன வாரம் வரல."

"அவங்க வரும்போது யார் இருந்தீங்க?"

திருகாணி ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் குனிந்து தேடத் தொடங்கினேன்.

அந்த வாரம் முட்டிக்குத் தைலம் வாங்க அவர் அந்தப் பெண்ணின் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். வீட்டுக்குக் கீழேயே ஒரு மருந்துக்கடை உண்டு. இது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கடை. என்ன பேசினார்கள் என்று தெரியாது. "தைலம் வாங்கினாரு. பந்தயம் இருக்குல்ல, ஞாயித்துக்கிழமை வந்துடுங்கன்னாரு. அவ்வளவுதான்" என்றார் அந்தப் பெண்.

ஞாயிறு வந்தது. ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவரும் வந்தார். இறங்குவதற்குள் பேக்கரிக்காரர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். "யோவ், ஓடக் கூடாதுன்னா உன்னை இங்க யார் வரச் சொன்னது?"

"காத்து வாங்க வந்தேன். அதுக்கும் டாக்டர் சீட்டு வேணுமா?"

பெட்டியைப் பார்த்தார். திறந்து மூடினார். எண் பூட்டைத் திருகிப் பார்த்தார். "நல்ல சாமான் தம்பி. கீல் மட்டும் கொஞ்சம் எண்ணெய் கேக்குது" என்றார். புயல் தலை குனிந்துகொண்டார். எல்லாரும் சாவிகளைப் பெட்டியில் போட்டோம்.

பிறகு அவர் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலிருந்து குடைத் துணிப் பையை எடுத்தார். அதன் பட்டையை மருந்துக்கடைப் பெண்ணின் இடுப்புக்குத் தோதாகக் குறுக்கிக் கொடுத்தார். தன் ஸ்கூட்டர் சாவியை அதில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"எதுக்குண்ணே? நீங்கதான் ஓடலையே."

"கையில இருந்தா போர் அடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்மா. உங்ககிட்ட இருக்கட்டும்."

அந்தப் பெண் பையைப் பின்பக்கம் தள்ளி இரண்டு தட்டுத் தட்டினார். ஓடினோம்.

நான் திரும்பி வந்தபோது கல்லில் சாவியண்ணன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புயல் தன் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றிருந்தார்.

"வெயில் ஏறுதுண்ணே. வாங்க, வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"வண்டி இங்க நிக்குதே தம்பி. விட்டுட்டு எப்படி வர்றது?"

"எடுத்துட்டுக் கிளம்புங்கண்ணே அப்ப."

"சாவி இல்லையே. அது ஓடிட்டு இருக்கு."

புயல் சாலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய காரின் பொத்தானை அழுத்த, வண்டி ஒருமுறை கண் சிமிட்டித் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தார். பேக்கரிக்காரரும் வந்து நடுவில் இடம் பிடித்தார். யாருடைய மாமியாரோ ஊருக்குப் போகவே இல்லை என்பதில் பேச்சுத் தொடங்கியது.

பையில் இருப்பது ஒரே ஒரு சாவி. ஒற்றைச் சாவி குலுங்காது. காதை நம்பிப் பயனில்லை. சாவியண்ணன் சாலைத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அங்கே ஒரு சின்ன உருவம் தெரிந்தது. ஓடுகிறதா நடக்கிறதா என்று சொல்ல முடியாத தூரம். அவர் கல்லில் கையூன்றி எழுந்து, நல்ல காலில் நின்றுகொண்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார். அந்த உருவம் வந்து சேரும்வரை அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.